வாவியின் பாட்டும் திசையறியும் செவியும்

வவுணதீவில் நின்று வாவியைக் கடந்து கிழக்கே நோக்குவார்க்குத் தோன்றுவது எழுவான்கரை. எழுவான்கரையில் நின்று மேற்கே நோக்குவார்க்குத் தோன்றுவது படுவான்கரை. ஞாயிறு எழுகின்ற பக்கமும் படுகின்ற பக்கமுமே எமது நாட்டின் இரு கரைகளுக்கும் பெயராயின. திசையையே ஊர்ப்பெயராக வைத்து வாழும் மக்கள் நாம். ஆனால் அத்திசைகள் யாவும் கண்ணால் அறியப்பட்டவை. இவ்விரு கரைகளுக்கும் இடையே கிடக்கும் நீருக்குள்ளிருந்து ஓர் ஒலி எழுமாயின், அஃது எத்திசையிலிருந்து எழுகின்றது என்று செவியால் அறிய முடியுமா? எளிதாகத் தோன்றும் இவ்வினாவுக்கு விடை காண மேலைநாட்டார்க்கு ஏறக்குறைய நூறாண்டுகள் சென்றன. அவ்வரலாற்றின் தொடக்கத்திலே எமது வாவியும் ஓரிடத்தைப் பெற்றிருக்கின்றது என்பதை எம் வாலிபர் பலர் அறியார். அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மீன்பாடும் தேன்நாடு என்று மட்டக்களப்பைப் புகழாதார் இல்லை. அப்புகழுக்கு எழுத்திலே ஆதாரந் தந்தவர்களுள் ஒருவர் ஆங்கில அரசாட்சிக் காலத்தில் இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராக விளங்கிய சேர் ஜேம்ஸ் எமர்சன் ரெனன்ற் என்பவர். அவர் 1848 செப்டெம்பரில் மட்டக்களப்புக்கு வந்திருந்தபோது, ஒல்லாந்தர் கோட்டைக்கு எதிரேயுள்ள துறையை அண்டிய நீரிலே இரவு வேளைகளில் இன்னொலி கேட்கின்றது என்ற செய்தியை உசாவினார். மீனவரை அழைப்பித்துக் கேட்டார். தம் தந்தையர் காலந்தொட்டே அவ்வொலியைத் தாம் அறிவதாகவும், வறட்சிக் காலத்தில் மாத்திரம் அது கேட்குமென்றும், மழைவெள்ளம் வந்து வாவி பெருகியவுடன் நின்றுவிடுமென்றும் அவர்கள் சொன்னார்கள். பாடுவது மீனன்று, ஊரியே என்பது அம்மீனவரின் கொள்கை. அவர்கள் சொன்ன தமிழ்த்தொடரை ரெனன்ற் தமக்குக் கேட்டவாறு ஆங்கில எழுத்தில் பதிந்து வைத்தார். அதனை 'ஊரி குளறுகிறது' என்று படிக்கலாம். 'ஊரி குளிறுகிறது' என்றும் படிக்கலாம். குளிறுதல் என்பது ஒலித்தலைக் குறிக்கும் பழஞ்சொல். இரண்டாவதே பொருந்துமென்று எமக்குப் படுகின்றது. படகோட்டியின் வாயிலே வந்த பழந்தமிழைக் குளறுபடியாக்குவானேன்?

அன்று நிலவெழுந்த பின் அவர் மீனவருடன் தோணியேறிச் சென்றார். காற்றில்லை, அலையில்லை. கோட்டைத் துறையிலிருந்து ஏறக்குறைய இருநூறு யார் தூரஞ் சென்றதும் ஒலியைக் கேட்டார். ஒற்றைச் சுரமாக அன்றி, உச்சமும் மந்தமுங் கலந்த பல சிற்றொலிகளாக அது இருந்தது. தோணியின் மரத்திலே காதை வைத்தபோது ஒலி மிகுந்தது. எமக்கு முக்கியமானது இதற்குப் பின் அவர் செய்த காரியம். தோணியை அங்குமிங்கும் செலுத்திப் பார்த்தார். சில இடங்களில் ஒலி மிகுந்தும் சில இடங்களில் குறைந்தும் இருந்தது. வேறு சில இடங்களில் முற்றாக மறைந்தது. பழைய இடத்துக்குத் திரும்பியதும் மீண்டும் கேட்டது. ஆகவே ஒலிக்கும் பொருள் ஓரிடத்திலே நிலையாக இருப்பது, ஆதலால் அது நீந்தித் திரியும் மீனாக இராது, மீனவர் சொல்வதுபோல ஊரியாகவே இருக்கலாம் என்று அவர் முடிவு செய்தார். 1859இல் வெளிவந்த தமது இலங்கை பற்றிய நூலிலும் இதனை எழுதினார்.

இம்முடிவு சரியோ பிழையோ என்பதைப் பின்னர் பார்ப்போம். முறையைக் கவனிக்க வேண்டும். நீருக்குள் ஒலிக்கும் ஒரு பொருளின் இருப்பிடத்தை, ஒலியைக் கொண்டே, இடத்துக்கிடம் ஒப்புநோக்கிக் காண முயன்ற முயற்சி இது. ஒரு செவியை நகர்த்தி நகர்த்திப் பல செவியாக்கினார் என்று சொல்லலாம். அவரிடம் இல்லாதது ஒரே கணத்தில் கேட்கும் இரண்டாஞ் செவி.

எமது பெரியோர் துடுப்பை நீரில் ஊன்றி அதன் மேல்நுனியிலே காதை வைத்துப் பாட்டுக் கேட்பர். இது வீண் வழக்கமன்று. நீரிலுள்ள ஒலி காற்றுக்கு ஏறுவது மிக அரிது. நீர்ப்பரப்பிலே பட்ட ஒலியின் வலுவில் ஆயிரத்தில் ஒரு பங்களவே மேலே வரும்; எஞ்சியது நீருக்குள்ளேயே திரும்பிவிடும். மரமோ நீரோடு ஒத்துப்போகும் இயல்புடையது. நீரின் அதிர்வை வாங்கிக் காதின் எலும்புக்கு அது கொடுத்துவிடும். ரெனன்ற் தோணி மரத்திலே கண்டதும் இதுவே. ஆனால் துடுப்பிலே ஒரு குறையுண்டு. ஒலி உண்டு என்று சொல்லுமேயன்றி எங்கே என்று அது சொல்லாது.

ஏன் சொல்லாது என்று கேட்கலாம். காட்டிலே மயில் அகவினால் கண்ணை மூடிக்கொண்டே அதன் திசையைக் காட்டிவிடுகிறோம். அதற்குக் காரணம் எமக்குச் செவி இரண்டு இருப்பது. இரு செவிகளுக்கும் இடையே உள்ள தூரம் ஏறக்குறைய 20 சென்ரிமீற்றர். வலப்பக்கத்திலிருந்து வரும் ஒலி வலச்செவியை முதலிலும் இடச்செவியைச் சற்றுப் பிந்தியும் அடைகிறது. காற்றிலே ஒலியின் வேகம் செக்கனுக்கு ஏறக்குறைய 340 மீற்றர் ஆகையால், அப்பிந்துதல் ஒரு செக்கனை ஆயிரங் கூறாக்கிய பின் அதிலே ஒரு கூறின் பாதியைச் சற்றே விஞ்சுவது. இத்துணை நுண்ணிய வேறுபாட்டை மூளை கணக்கிடுகின்றது! இரு செவிகளும் கால வேறுபாட்டாலும் வலு வேறுபாட்டாலும் திசையறிகின்றன என்ற கொள்கையை ஆங்கில விஞ்ஞானியாகிய ரேலி பிரபு 1907இல் விளக்கினார். நீரிலோ ஒலி நான்கு மடங்குக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடுகின்றது. பிந்துதல் நாலிலொரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. அதனோடு நீரொலி மண்டையோட்டையே ஊடுருவி இரு செவிகளையும் ஒருங்கே அடைகிறது. ஆகையால் வாவியிலே மூழ்கிக் கேட்பவனுக்குப் பாட்டு எல்லாப் பக்கத்திலிருந்தும் வருவதுபோலவே தோன்றும். மூழ்கி நீந்தும் எமது சிறுவரைக் கேட்டால் இதனை ஒப்புவர். இயந்திரப் படகு எந்தப் பக்கம் வருகின்றதென்று அவர்களுக்குத் தெரியாமற் போவதும் இதனாலேதான்.

நீரில் ஒலியின் வேகத்தை முதலில் நன்கு அளந்தவர்கள் கொலடன், ஸ்ரேம் என்ற இருவர். 1826இல் ஜெனிவா ஏரியிலே இரு படகுகளை ஏறக்குறைய 13 கிலோமீற்றர் தூரத்தில் நிறுத்தினர். ஒரு படகிலிருந்து நீருக்குள்ளே மணி அடிக்கப்பட்டது. அதே கணத்தில் படகின்மேல் வெடிமருந்து பளிச்சிட்டது. மற்றப் படகில் இருந்த கொலடன் ஒரு நீண்ட குழாயின் வாயை நீருக்குள்ளே அமிழ்த்தி, ஒளியைக் கண்டதற்கும் மணியைக் கேட்டதற்கும் இடைப்பட்ட நேரத்தை அளந்தார். செக்கனுக்கு 1435 மீற்றர் என்று கிடைத்தது. அது 8 பாகைக் குளிர்நீர். எமது வாவியின் இளஞ்சூட்டு நீரிலே வேகம் 1500 மீற்றருக்கு மேலாகும். உப்பு மிகுந்தால் இன்னும் கூடும். மாரியில் நன்னீரும் கோடையில் உவர்நீருமாக மாறும் வாவியில் இவ்வேகமும் பருவத்துக்குப் பருவம் மாறும் என்பதை மறக்கலாகாது.

திசை காணும் முதற்கருவி கப்பலோட்டிகளுக்காகச் செய்யப்பட்டது. 1901இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் நீரடி மணிகளை அமைக்கும் கம்பனியொன்று தோன்றியது. பாறைகளுக்கு அண்மையில் நிற்கும் வெளிச்சக் கப்பலிலிருந்து மணி நீருக்குள் ஒலிக்கும். வருகின்ற கப்பலின் முன்புறத்திலே வலத்தில் ஒன்றும் இடத்தில் ஒன்றுமாக இரு ஒலிவாங்கிகள் இருக்கும். மாலுமி ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டு, எப்பக்கம் உரப்பாக இருக்கிறதோ அப்பக்கமே மணி என்று தெளிவான். மூடுபனியிலே எத்தனை உயிரை இது காத்ததோ!

ஆனால் செவியை உண்மையிற் கூர்மையாக்கியது போரே. 1914 செப்டெம்பர் 22ஆம் நாளை எமது முதியோர் மறவார்; எம்டன் என்ற ஜேர்மன் கப்பல் சென்னையைக் குண்டு வீசித் தாக்கிய நாள் அது. அந்த ஒரு கப்பலின் பெயர் தமிழிலே ஒரு சொல்லாகவே நிலைத்துவிட்டது. அதே நாட்காலையில் வடகடலிலே யு-9 என்ற சிறு நீர்மூழ்கி, மூன்று பிரித்தானியப் போர்க்கப்பல்களை ஒன்றரை மணி நேரத்துக்குள் மூழ்கடித்தது. இறந்தோர் ஆயிரத்து நானூறு பேருக்கு மேல். எம்டனைத் தமிழுலகம் நினைவில் வைத்தது, ஆனால் கடற்போரின் போக்கையே மாற்றியது யு-9தான். கண்ணுக்குத் தெரியாத பகைவனைக் கண்டறிவது எவ்வாறு என்ற கேள்வியால் வல்லரசுகளின் விஞ்ஞானிகள் யாவரும் நீருக்குள்ளே காதை வைத்தனர்.

அவர்கள் கண்ட முதல் உபாயம் எளிமையானது, எமது நெஞ்சுக்கு உகந்ததுங்கூட. நீரில் ஒலி நாலு மடங்குக்கு மேல் விரைந்து ஓடுமானால், செவிகளையும் அவ்வளவு மடங்கு அகற்றி வைத்தால் என்ன? ஏறக்குறைய ஒரு மீற்றர் அகலத்தில் இரு இறப்பர்க் குமிழ்களை ஒரு குறுக்குக் குழாயின் இரு முனைகளிலும் பொருத்தி, ஒன்றின் ஒலியை வலக்காதுக்கும் மற்றதன் ஒலியை இடக்காதுக்கும் வைத்தியரின் குழாய்போல் கொண்டுவந்தால், காற்றிலே பழகிய அதே கால வேறுபாடு நீரிலும் கிடைத்துவிடும். கேட்போன் குழாயை மெல்லத் திருப்பிக்கொண்டே இருப்பான். ஒலி தலையின் நடுவே வந்து நிற்கும்போது குழாய் ஒலிமூலத்தை நேர் நோக்கிவிட்டது என்று பொருள். அமெரிக்கரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் இவ்வகைக் கருவிகளைக் கப்பல்களிற் பூட்டினர்.

இதிலே இரு இடர்கள். முதலாவது, தன் கப்பலின் இயந்திர ஒலியும் அலையின் இரைச்சலும் மெல்லிய ஒலியை மூடிவிடும். இரண்டாவது, கருவியை ஒவ்வொரு முறையும் திருப்ப வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே தீர்த்தவர்களுள் முதன்மையானவர் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்துக் கணிதப் பௌதிகப் பேராசிரியர் மக்ஸ் மேசன். 1917இல் அவர் கப்பலின் அடிப்பக்கத்திலே ஒலிவாங்கிகளை வரிசையாகப் பதித்தார். ஒவ்வொன்றின் ஒலியும் வரும் காற்றுக் குழாயின் நீளத்தை வேண்டியவாறு கூட்டவுங் குறைக்கவும் வழிசெய்தார். குழாய் நீண்டால் ஒலி பிந்தும், குறுகினால் முந்தும். கருவி அசையாதிருக்க, குழாய்களை மாற்றுவதாலேயே அதன் 'பார்வை' திசைக்குத் திசை திரும்பிற்று.

இதனை நன்கு விளங்கிக்கொள்ள வேண்டுவோர் எமது கடற்கரைக்குச் சென்று கரைவலை இழுப்பதைப் பார்க்க வேண்டும். இருபது பேர் கயிற்றைப் பிடித்திருக்கிறார்கள். ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் வலை அசையாது. அம்பாப் பாடி ஒரே கணத்தில் இழுத்தால் இருபது பேரின் வலுவும் ஒன்றாகும். ஒலிவாங்கி வரிசையும் அத்தகையதே. குறித்த திசையிலிருந்து வரும் ஒலி ஒவ்வொரு வாங்கியையும் ஒவ்வொரு நேரத்தில் அடைகிறது. முந்தி வந்ததைப் பிந்தச் செய்து எல்லாவற்றையும் ஒரே கணத்துக்குக் கொண்டுவந்து கூட்டினால், அத்திசையின் ஒலி பன்மடங்காகும். பிற இரைச்சலோ அம்பாவுக்கு இணங்காதார் இழுக்கும் இழுவை. ஒன்றையொன்று பெரும்பாலும் அழித்துக்கொள்ளும். கணக்கிற் சொன்னால், 16 வாங்கிகளைக் கூட்டும்போது வேண்டிய ஒலி 16 மடங்காகும். தாறுமாறான இரைச்சல் 4 மடங்கே ஆகும். இந்நாளில் குழாய்க்குப் பதிலாகக் கணினி நேரத்தைக் கூட்டிக் குறைக்கிறது. தத்துவம் மேசனுடையதே.

கோணத்தை அளக்கும் கணக்கையும் ஒருமுறை பார்த்துவிடுவோம். பாடசாலையில் முக்கோண கணிதம் படிக்கும் எவரும் செய்யக்கூடியது. இரு வாங்கிகள் 15 மீற்றர் தூரத்தில் இருக்கட்டும். ஒலி இரண்டையும் இணைக்கும் கோட்டின் வழியே நேராக வந்தால் ஒரு வாங்கியிலிருந்து மற்றதை அடைய ஒரு செக்கனின் நூறிலொரு பங்கு செல்லும். அதிற் பாதி நேரமே பிந்தியதாக அளந்தோமாயின், கோணத்தின் கோசைன் அரை. ஆகவே ஒலி அக்கோட்டுக்கு 60 பாகையில் வருகிறது. ஆனால் கோட்டின் எந்தப் பக்கத்தில் 60 பாகை? எழுவான் பக்கமா, படுவான் பக்கமா? இரு வாங்கிகளால் இதனைச் சொல்லவே முடியாது. நேர்கோட்டிலே நூறு வாங்கிகளை வைத்தாலும் முடியாது. கோட்டுக்குப் புறம்பே மூன்றாவதாக ஒன்றை நாட்டி முக்கோணமாக்கிய பின்னரே ஐயம் தீரும்.

இன்னொரு பொறியும் உண்டு. வாங்கிகளை மிக அகற்றி வைத்தால் கூர்மை கூடும் என்று ஆசைப்படலாம். ஆனால் ஒரே சுரமாக நீளும் ஒலியில் ஓர் அலையும் அடுத்த அலையும் ஒன்றுபோலவே இருப்பதால், எந்த அலை முந்தியது என்பது குழம்பி, இல்லாத திசைகளிலும் போலி ஒலிமூலங்கள் தோன்றும். அயல் வாங்கிகளுக்கிடையே அரை அலைநீளத்துக்கு மேற்படாதிருந்தால் இந்த மாயை இல்லை. செக்கனுக்கு 500 அதிர்வு மீடிறனுள்ள ஒலிக்கு நீரிலே அலைநீளம் 3 மீற்றர். ஆகவே இடைவெளி ஒன்றரை மீற்றர்.

இரண்டாம் உலகப்போரிலே இவ்வரிசைகள் பெருகின. ஜேர்மானியரின் பிரின்ஸ் ஒய்கன் என்ற போர்க்கப்பலில் பக்கத்துக்கு 60 வாங்கிகள் இருந்தன. 1941 மே 24 அதிகாலையில், ஹூட், பிரின்ஸ் ஒவ் வேல்ஸ் என்ற பிரித்தானியக் கப்பல்கள் கண்ணுக்குத் தெரியுமுன்னரே அவை வரும் பக்கத்தை அது செவியால் அறிந்தது. ஆனால் செவியினால் எல்லாப் பகையையும் அறிந்துவிட முடியாதென்பதற்கு எமது கடலே சான்று. 1942 ஏப்பிரில் 9ஆம் நாள் மட்டக்களப்புக்கு அப்பாலே ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலை யப்பானியர் மூழ்கடித்தது நீருக்கு அடியிலிருந்து அன்று, ஆகாயத்திலிருந்து. முந்நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அக்கப்பல் இன்றும் அங்கேயே ஐம்பது மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்தில் கிடக்கின்றது.

அதே 1942இல் அமெரிக்காவின் செசப்பீக் குடாவாயிலிலே நீர்மூழ்கிகளைக் கேட்க வைத்த கருவிகள், மாலைதோறும் பாறையைத் துளைக்கும் யந்திரம்போன்ற பேரொலியால் செவிடாயின. ஆராய்ந்தபோது பகைவன் கத்தாளை இனத்து மீன் என்று தெரிந்தது! அம்மீன்கள் தம் காற்றுப்பையைத் தசையால் அதிர வைத்து முழவுபோல் ஒலிப்பன. எமது மொழியிலே அம்மீனுக்குக் கத்தாளை என்ற பெயர் வந்ததும் கத்துவதாலோ என்று எண்ணத் தோன்றுகின்றது. வெப்பக் கடல்களிலே இன்னொரு குழப்பக்காரன் சொடக்கு இறால். பெரிய கொடுக்கை மூடும் வேகத்தில் நீரிலே ஒரு குமிழி உண்டாகி உடைகிறது; சட்டியில் எண்ணெய் பொரிவதுபோன்ற ஒலி அவ்வுடைவினாலேயே வருகிறது என்பதை 2000ஆம் ஆண்டில் விரைவுப் படங்களால் நிறுவினர். மீன் ஊமை என்று எண்ணியிருந்த விஞ்ஞானிகள் போரினாலேயே மீனின் குரலைக் கேட்டனர். மலாயாக் கடற்கரையில் மூழ்கிக் காதாலே மீன்கூட்டத்தைக் கண்டு வலை வீசச் சொல்லும் மீனவர்களோ, எமது வாவி மீனவர்களோ இதைக் கேட்டு வியந்திருக்கமாட்டார்கள்.

போருக்குப் பின் அமெரிக்கர் 1952 தையில் பகாமாத் தீவுகளில் 40 வாங்கிகள் கொண்ட ஆயிரமடி நீள வரிசையை ஆழ்கடலில் இறக்கினர். அதே 1952இல் எமது அயல்நாட்டிலும் கொச்சியிலே கடற்படைப் பௌதிக ஆய்வுகூடம் தோன்றிற்று. இந்தியக் கப்பல்களுக்கான ஒலியுணர் கருவிகள் அங்கேயே உருவாயின. 1993இல் சென்னையில் நிறுவப்பட்ட தேசிய சமுத்திரத் தொழில்நுட்ப நிலையம், 2014 ஜூலையில் வடதுருவத்தை அண்டிய கடற்கழியொன்றிலே அளவைக் கருவித்தொகுதியை இறக்கும் அளவுக்கு வளர்ந்தது. கணிதத்திலும் புதுமை வந்தது. ரால்ஃப் ஸ்மிட் என்ற அமெரிக்கர் 1979இல் வெளியிட்ட ஒரு முறை, மிக அண்மையிலுள்ள இரு ஒலிமூலங்களையும் பிரித்துக் காட்டவல்லது. ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதற்கு அவர் வைத்த பெயர் 'மியூசிக்'. இசைக்கும் வாவியை உடைய நாம் அப்பெயரைக் கேட்டுப் புன்னகை செய்யலாம்.

இனிச் சொல்லப்போவது புன்னகைக்குரியதன்று. இந்து சமுத்திரத்தின் நடுவே தியாகோ கார்சியா என்றொரு தீவுண்டு. அணுகுண்டுப் பரிசோதனைகளை எவரும் கள்ளமாக நடத்தாதிருக்கும்படி, சர்வதேச உடன்படிக்கையின் பெயரால் அத்தீவுக்கு வடக்கிலும் தெற்கிலும் மும்மூன்று வாங்கிகள் முக்கோணமாகக் கடலிலே தொங்கவிடப்பட்டன. வாங்கிக்கு வாங்கி ஏறக்குறைய 2 கிலோமீற்றர். ஆழம் ஆயிரம் மீற்றருக்கு மேல். அவ்வாழத்திலே ஒலி மேலும் கீழும் சிதறாமல் ஒரு வாய்க்காலில் ஓடும் நீர்போல ஆயிரக்கணக்கான மைல் செல்லும்.

2004 டிசெம்பர் 26ஆம் நாள், அன்றைய எமது நேரப்படி காலை 6 மணி 59 நிமிடத்தில், சுமாத்திராவுக்கு அப்பாலே கடலடி நிலம் பிளந்தது. அப்பிளவின் ஒலி கடல்வழியே ஏறக்குறைய 2,900 கிலோமீற்றர் ஓடி, அரை மணிக்குச் சற்று மேற்பட்ட நேரத்தில் அம்முக்கோணங்களை அடைந்தது. ஒவ்வொரு வாங்கியும் கேட்ட நேர வேறுபாட்டிலிருந்து அறிஞர் திசையைக் கணித்தபோது வியப்பான உண்மை வெளிப்பட்டது. ஒலி வரும் திசை நிலையாக இருக்கவில்லை. கிழக்கு வடகிழக்கிலே தொடங்கி, நிமிடத்துக்கு நிமிடம் வடக்கு நோக்கி நகர்ந்து, ஏறக்குறைய இருபது பாகை திரும்பிற்று. அதாவது நிலம் ஓரிடத்தில் வெடித்து நின்றுவிடவில்லை. சுமாத்திராவிலிருந்து நிக்கோபார், அந்தமான் வழியாகச் செக்கனுக்கு இரண்டு மூன்று கிலோமீற்றர் வேகத்தில், 1,200 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிழிந்துகொண்டே போயிருக்கிறது. தெற்கு வடக்காக நீண்ட அக்கிழிவின் அலை தன் முழுவலுவையும் கிழக்கு மேற்காகவே செலுத்தும். மேற்கே நேராக இருந்தது எமது கரை.

அவ்வலை ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் கிழக்கிலங்கையை அடைந்தது. நாவலடியும் கல்லடியும் என்ன ஆயின என்பதை இம்மலரைப் படிப்போர்க்கு நாம் எழுதிக் காட்ட வேண்டியதில்லை. இலங்கையிலே முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். முக்கோணங்கள் ஒலியைக் கேட்டன. கேட்டதன் பொருளைக் கணித்து வெளியிட்டது மறு ஆண்டிலே. அக்கருவிகள் அணுகுண்டைக் கேட்க வைக்கப்பட்டவையன்றிக் கடல்கோளைக் கேட்க வைக்கப்பட்டவையல்ல. கேட்டவுடன் எவருக்குச் சொல்வது என்ற ஏற்பாடும் இருக்கவில்லை. ஒலி அத்தீவை அடைந்ததற்கும் அலை எமது கரையை அடைந்ததற்கும் இடையே ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது என்பதை எண்ணும்போது நெஞ்சு பதைக்கின்றது. கோபப்படுவோரைக் குறை கூறோம். 2006இலிருந்து அவ்வுடன்படிக்கை அமைப்பு தன் கருவிகளின் செய்திகளைக் கடல்கோள் எச்சரிக்கை நிலையங்களுக்கு வழங்க முன்வந்தது. 2007இல் ஐதராபாத்திலே இந்தியாவின் எச்சரிக்கை நிலையமும் இயங்கத் தொடங்கிற்று. அதே முக்கோணங்களின் பதிவுகளிலிருந்து, முன்னர் எவரும் வேறுபிரித்தறியாத ஒரு நீலத்திமிங்கிலக் கூட்டத்தின் பாட்டை 2021இல் அறிவித்தனர். திருகோணமலைக்கு அப்பாலும் அப்பாட்டுப் பதிவாகியிருந்தது.

கடலின் பாட்டுக்குத் திசை கண்டாயிற்று. வாவியின் பாட்டுக்கு வருவோம். சுவாமி விபுலானந்தர் தமது யாழ் நூலிலே இவ்வாவியின் நீரரமகளிரைப் பாடியிருப்பதை அன்பர்கள் அறிவர். அவர் துறவியும் பண்டிதரும் மாத்திரமல்லர். இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டதாரி, பாடசாலைகளில் விஞ்ஞானம் போதித்தவர். ஒலியைக் கணக்காலும் அறியலாம், பாட்டாலும் போற்றலாம் என்பதற்கு 1947இல் அரங்கேறிய அந்நூலே சாட்சி. பின்னர் புனித மிக்கேல் கல்லூரியைச் சேர்ந்த லாங் அடிகளார் வாவியின் ஒலியைப் பதிவு செய்ய, வானொலியிலே நாடு கேட்டது. ஒலி உண்டென்பதில் இனி வழக்கில்லை. எங்கே என்பதே வழக்கு.

ரெனன்றின் முடிவை இப்பொழுது எடுத்துக்கொள்வோம். ஒலிமூலம் நிலையானது, ஆகவே மீனன்று என்றார். 1980களிலே அமெரிக்காவின் சோசலித்தோ என்ற ஊரில் படகு வீடுகளில் வாழ்வோர், இரவெல்லாம் தம் உறக்கத்தைக் கெடுத்த ரீங்காரத்துக்கு மின்பொறியும் இராணுவமும் காரணம் என்று ஐயுற்றனர். அது கல்லடியிலே கூடமைத்த ஒருவகை ஆண்மீன் பெண்மீனை அழைக்கும் குரல் என்று பின்னர் தெரிந்தது. அம்மீன் இரவு முழுவதும் ஓரிடத்தைவிட்டு அசையாமலே பாடும். ஆகவே அசையாதது என்பதால் மட்டும் மீனல்ல என்று சொல்ல இயலாது. ரெனன்றின் அனுமானம் அவ்விடத்தில் நொண்டுகிறது. மீனவரின் ஊரிக் கொள்கை பிழையென்று இதனால் முடியாது. அதற்கு ஒரு துணை குறைந்தது, அவ்வளவே.

சில இடங்களில் ஒலி முற்றாக மறைந்ததற்கு வேறொரு காரணமும் கூறலாம். ஆழமற்ற நீரிலே தாழ்ந்த சுரங்கள் தூரஞ் செல்லா. அடி கடினமாயின், ஆழத்தைப்போல் நான்கு மடங்குக்கு மேற்பட்ட நீளமுள்ள அலை சிறிது தூரத்திலேயே அவிந்துவிடும். மூன்று மீற்றர் ஆழத்திலே செக்கனுக்கு 125 அதிர்வுக்குக் குறைந்த ஒலிகள் இவ்வகையின. உயர்ந்த சுரங்களோ அடிக்கும் மேற்பரப்புக்கும் மாறிமாறி மோதித் தெறித்து, ஒரே ஒலி பல வழியாக வந்து திசையைக் குழப்பும். ஆழ்கடலிலே ஆயிரம் மைலுக்கு அப்பாலுள்ள ஒலியின் திசை காண்பதைவிட, எமது வாவியிலே இருநூறு மீற்றரில் உள்ள ஒலியின் திசை காண்பது சில வகையிற் கடினமானது. இதை அறியாமல் கருவியோடு வந்து வெறுங்கையோடு திரும்புவது எளிது.

ஆயினும் செய்ய முடியாத காரியமன்று. பாலத்துக்கு அண்மையில் ஒரு கரையில் நான்கு வாங்கிகள், எதிர்க்கரையில் நான்கு வாங்கிகள், ஒவ்வொரு நான்கும் சதுரமாக, நாட்டிய கம்புகளில் அசையாமல் நிற்க வேண்டும். நான்கினதும் கடிகாரம் ஒன்றாக இருக்க வேண்டும். ஆயிரத்திலொரு செக்கன் பிசகினால் ஒன்றரை மீற்றர் பிசகும். இரு கரையிலும் கண்ட திசைகளைப் படத்திலே கோடாக வரைந்தால் அவை வெட்டும் இடமே ஒலிமூலம். கோணத்தில் 2 பாகை தவறினாலும் 200 மீற்றரில் ஏழு மீற்றரளவே தவறும். அவ்வட்டத்துக்குள் மூழ்கி அடிச்சேற்றைத் தடவிப் பார்க்க எமது இளைஞர்க்கு எவருங் கற்பிக்க வேண்டுவதில்லை. வந்தாறுமூலையில் பல்கலைக்கழகம் இருக்கின்றது; வலையிறவுப் பாலத்தைக் கடந்தால் படுவான்கரையில் வாவியை உள்ளங்கைபோல் அறிந்த மீனவர் இருக்கிறார்கள். இவ்விரு சாராரும் ஒரு தோணியில் ஏறினாற் போதும்.

காலம் வறட்சிக் காலமாக இருக்க வேண்டும். மழைவெள்ளம் வருமுன் முடித்துவிட வேண்டும். நிறைமதிக்கு முன்னும் பின்னுமாகச் சில இரவுகள் தொடர்ந்து கேட்க வேண்டும். இயந்திரப் படகுகளின் இரைச்சல் ஆண்டுக்காண்டு பெருகி வருவதால், நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடைப்பட்ட சில மணிகளே இக்காரியத்துக்கு எஞ்சியுள்ளன. அந்நேரத்தில் கோடுகள் வெட்டும் இடத்தில் மூழ்குபவனுடைய கையிலே ஊரி வருமாயின் 1848இல் பேசிய மீனவர் வென்றார்; கல்லிடுக்கிலிருந்து மீன் நழுவுமாயின் எமது நாட்டின் பெயர் வென்றது.